மூன்றாவது தூணுக்கு நேரே

நம் அலுவலக மாடிப்படி ஏறி முடித்ததும், தண்ணீர் கேனுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பழைய வரைபடத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மஞ்சளாகிப்போன தாள், ஓரத்தில் டீக் கறை. கழுவெளியின் கரையில் நாங்கள் கட்டிய பறவை பார்ப்போர் மையத்தின் மனை வரைபடம் அது. போன மாதம் எனக்கு வழியனுப்பு விழா நடத்தினீர்களே, அன்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள், "மேடம், இது நீங்க அவார்டு வாங்கின ப்ராஜெக்டா?" என்று. வாய் நிறைய கேக் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டித் தப்பித்துக்கொண்டேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவார்டு ஒன்றும் கிடையாது. அந்த வரைபடத்தில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்தக் கூடாது என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

தப்பே செய்யாத ஆர்க்கிடெக்ட் யாரும் இல்லை. பொழிச்சலூரில் ஒரு ரிட்டையர்டு வாத்தியாருக்கு, காற்று நன்றாக வரட்டும் என்று சுவரெல்லாம் ஓட்டை வைத்து வீடு கட்டிக் கொடுத்தேன். காற்று வந்தது. கூடவே மீனம்பாக்கத்தில் இறங்குகிற அத்தனை விமானமும் கூடத்துக்குள் வந்தது. அவர் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஓட்டைகளை ஒவ்வொன்றாகச் சிமெண்டு வைத்து அடைத்தார். அதற்குப் பிறகும் என்னை எங்கே பார்த்தாலும், நான் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தி, "இரும்மா, ப்ளேன் போகட்டும்" என்பார். அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தப்பு. கழுவெளியில் நான் செய்தது அந்த வகை இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரம் மேற்கில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மூன்று மேசை போட்ட அலுவலகம். அப்போதெல்லாம் மேடவாக்கத்தைத் தாண்டி வேளச்சேரிப் பக்கம் போனால் சாலைக்கு வலப்புறம் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீரும் கோரையும்தான். ஊர்க்காரர்கள் கழுவெளி என்பார்கள். மழைக்காலத்தில் கடல் மாதிரி விரியும், மே மாதம் வெடித்துக் காய்ந்து கிடக்கும். அதன் கரையில் மாணவர்களும் பொதுமக்களும் வந்து பறவை பார்க்க ஒரு சின்ன மையம் வேண்டும் என்று ஒரு துறை முடிவு செய்தது. சின்ன வேலை, பெயர் வராத வேலை என்று பெரிய ஆட்கள் யாரும் கை வைக்கவில்லை. அதனால் எங்களிடம் வந்து சேர்ந்தது.

நீங்கள் இன்று வாய் நிறையச் சொல்லும் பசுமைக் கட்டடம் என்ற வார்த்தையெல்லாம் அன்று புழக்கத்தில் இல்லை. "மண்ணு வூடு கட்ற மேடம்" என்றுதான் என்னைச் சொல்வார்கள். எனக்கு அதில் கர்வம், கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளம் அடியில் புகுந்து போகட்டும் என்று கட்டடத்தைத் தூண்கள் மேல் நிறுத்தினேன். கூரைக்குப் பனஞ்சட்டம், நாட்டு ஓடு. சுவருக்குச் சூளையில் சுடாத, அழுத்திச் செய்த மண் கல். கல் அழுத்தும் இயந்திரத்தைத் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்தோம். மண் மட்டும் வெளியிலிருந்து ஒரு லாரிகூட வரக்கூடாது, கட்டடத்தின் காலடியிலேயே எடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

எங்கே எடுப்பது என்று பார்க்க, மே மாத வெயிலில் மூன்று நாள் அந்தக் காய்ந்த தரையில் நடந்தேன். எங்கு பார்த்தாலும் கோரையின் அடிக்கட்டை, புதர், பழைய கூடுகள். எதையும் தொட மனசு வரவில்லை. மூன்றாம் நாள், கட்டடத்துக்கு நேர் எதிரே நூறு அடியில், வடக்கிலிருந்து தெற்காக ஒரு வெற்றுப்பட்டை தெரிந்தது. வண்டிப்பாதை அகலம் இருக்கும். ஒரு புல் இல்லை. தரை கெட்டியாக, வழவழவென்று இருந்தது. எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. ஒரு செடியைக்கூடப் பிடுங்காமல் மண் எடுக்க இயற்கையே இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். சுற்றிலும் அவ்வளவு அடர்த்தியாக முளைக்கிற புல் அங்கே மட்டும் ஏன் முளைக்கவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அந்த நேரம் கேட்பதற்கும் அங்கே யாரும் இல்லை. கோரை அறுக்கிற பெண்கள் கோடையில் சித்தாள் வேலைக்கு வேறு பக்கம் போய்விடுவார்கள் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்தப் பட்டையின் நடுவில் ஒரு பள்ளம் வரைந்தேன். முப்பதடி நீளம், ஐந்தடி ஆழம். மண் வண்டி இறங்கி ஏற மேற்குப் பக்கம், அதாவது கட்டடத்தைப் பார்த்த பக்கம், மூன்றாவது தூணுக்கு நேரே ஒரு சரிவு. வேலை முடிந்ததும் பள்ளத்தை மூடத் தேவையில்லை. மழைநீர் நிரம்பினால் முங்கி மீன் பிடிக்கும் பறவைகளுக்கு நல்ல ஆழம் கிடைக்கும். வரைபடத்தில் "முக்குளிப்பான் குட்டை" என்று அழகாக எழுதி, கீழே ஒரு சின்னப் பறவையும் போட்டேன். அந்தப் பறவையை நீங்கள் இன்றும் பார்க்கலாம், டீக் கறைக்குப் பக்கத்தில் இருக்கும்.

வேலை எங்கள் மேஸ்திரி ஏழுமலையின் பொறுப்பு. நல்ல வேலைக்காரர், ஆனால் எதையும் போய்க் கேட்டால்தான் சொல்லுவார். முதல் இரண்டு வாரத்தில் அழுத்திய கல்லில் பாதி வெடித்துப் போயிற்று. கலவையை மாற்றி மறுபடி அழுத்தச் சொன்னேன். கல் வந்தது, சுவர் ஏறியது. மறுபடி அழுத்துவதற்கான மண் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. பள்ளத்துக்குக் கோடு போட்டுக் கொடுத்த நாளுக்குப் பிறகு அந்தப் பக்கமே நான் போகவில்லை. பள்ளத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்புதான்.

மழை வந்தது. கழுவெளி நிறைந்தது, பள்ளம் மறைந்தது. கட்டடம் ஒரு துளி ஒழுகாமல் நின்றது. பொங்கல் கழிந்து திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருந்தபோது, துறை அதிகாரி தன் மனைவியோடும் இரண்டு விருந்தாளிகளோடும் பார்க்க வந்தார். காலை பத்து மணி. மேல்தளத்தில் நின்று எல்லோருக்கும் சுற்றிக் காட்டினேன். நாமக்கோழிகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. அதிகாரியின் மனைவி பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

"அங்க பாருங்க, எவ்வளவு அழகா வரிசையா வர்றாங்க" என்றார் அவர்.

வடக்கிலிருந்து ஐந்து பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்போது சாலை வழியாகப் போவார்கள். திரும்பும்போது, அறுத்த கோரையைக் கட்டாகக் கட்டி, தண்ணீரில் மிதக்கவிட்டு, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்து வருவார்கள். தலையில் சுமப்பதைவிடப் பாதி பாரம்தான். எதிரே ஒற்றைப் பனையும் தூரத்துக் குன்றும் ஒரே கோட்டில் தெரிகிற மாதிரி பார்த்துக்கொண்டு, கால் பழகிய தரையில் நடப்பார்கள். தண்ணீருக்கு அடியில் அவர்களுக்கு ஒரு சாலை உண்டு. பொங்கல் கழிந்துதான் அறுப்பு தொடங்கும், அந்த வருஷத்துக்கு அன்றுதான் முதல் நாள். இதையெல்லாம் நான் அன்று மத்தியானம்தான் தெரிந்துகொண்டேன்.

காலையில் எனக்குத் தெரிந்தது என் பெருமை மட்டும்தான். "சார், இந்தச் சுவத்துல இருக்கற ஒவ்வொரு கல்லும் வெளியிலேருந்து வந்தது இல்ல. இதோ, அங்கேருந்து எடுத்த மண்ணு" என்று சொல்லித் தண்ணீரைப் பார்த்துக் கையை நீட்டினேன்.

நான் விரல் காட்டிய இடத்தில் முதலில் வந்த பெண் இல்லாமல் போனாள்.

சத்தம்கூட வரவில்லை. நடந்துகொண்டிருந்தவள் அடுத்த அடியில் இல்லை. கோரைக்கட்டு மட்டும் மிதந்தது. அதிகாரியின் மனைவி பைனாகுலரை இறக்காமலே, "குனிஞ்சு என்னவோ எடுக்கறாங்க போலிருக்கு" என்றார். அந்தத் தளத்தில் நின்ற ஐந்து பேரில் எனக்கு மட்டும்தான் நடந்தது என்னவென்று தெரியும். வெற்றுப்பட்டை ஏன் வெற்றாக இருந்தது என்பதும் அந்த நொடியில்தான் புரிந்தது. புல் முளைக்காதது இயற்கை இல்லை, கால்கள். எத்தனை வருஷமாக மிதித்த பாதையோ, அதன் நடுவில் நான் குழி தோண்டி, அதில் பறவைப் படம் போட்டிருந்தேன்.

பின்னால் வந்த நான்கு பேரும் கூவிக்கொண்டு முன்னால் பாய்ந்தார்கள். அவர்களும் போயிருப்பார்கள். "நில்லுங்க! யாரும் கிட்ட வராதீங்க! அங்க பள்ளம் இருக்கு!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. நின்றுவிட்டார்கள். அப்போது தண்ணீரில் ஒரு தலை மேலே வந்தது, ஒரு கை கோரைக்கட்டைப் பிடித்திருந்தது. என் வரைபடம் அப்படியே கண்முன் விரிந்தது. "இந்தப் பக்கம்! இந்தப் பக்கம் வா! மூணாவது தூணப் பாத்து வா! சரிவு இருக்கு!" என்று இரண்டு கையையும் ஆட்டி, தூணை அடித்துக் காட்டி, கத்தினேன். அவள் முகம் என் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன்.

பிறகு படியில் உருண்டு புரண்டு இறங்கி ஓடினேன். கரையில் ஆளுயரக் கோரை, எதுவும் தெரியவில்லை. விலக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம் போய்ச் சேர்ந்தபோது அவள் மார்பளவுத் தண்ணீரில் நின்று இருமிக்கொண்டிருந்தாள். சுற்றிப் போய்ச் சேர்ந்த மற்றவர்கள் கட்டின் கயிற்றைப் பிடித்து அவளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

கரையில் அவள் குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தியெடுத்தாள். பெயர் சம்பூரணம். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. அதிகாரி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "நல்லவேளை மேடம், நீங்க டைரக்‌ஷன் சொன்னீங்க" என்றவர், என்னைத் தனியாக இழுத்துக் குரலைத் தாழ்த்தினார். "யாரு தோண்டினதுன்னு கேப்பாங்க. மண்ணு திருடற லாரிக்காரனுங்க வேலைன்னு சொல்லிடலாம். நடக்கறதுதானே. அடுத்த வாரம் ஃபங்ஷன் இருக்கு."

எல்லோரும் நம்பியிருப்பார்கள். அந்தப் பக்கம் மண் திருட்டு நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். இனி எனக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்ற கணக்குகூட மனதில் ஓடிற்று. ஆனால் அந்தப் பள்ளத்தின் அளவு தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். தெரியாது என்று சொன்னால் நாளைக்கு இன்னொருத்தி விழுவாள். சம்பூரணத்துக்கு முன்னால் போய் நின்று, "நான்தான் தோண்டச் சொன்னேன். இந்தக் கட்டடத்துக்கு" என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

கூட வந்தவர்களில் ஒருத்தி என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஒரு வார்த்தையும் அதிகமில்லை. சம்பூரணம் திட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "எம்மாம் பெருசு?"

"முப்பதடி..."

"வாயால சொன்னா ஆச்சா? தண்ணில எறங்கி நாலு மூலையும் காட்டு. கம்பு நடணும். நாளிக்கு எங்க வூட்டுப் பொண்ணுங்க வரும்."

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன். சாரம் கட்டிய சவுக்குக் கம்புகள் மிச்சம் கிடந்தன. தலைக்குள் இருந்த வரைபடத்தின்படி தூண்களைப் பார்த்துப் பார்த்து இடம் சொன்னேன். சம்பூரணம், அந்த ஈரப் புடவையோடு, ஒரு கையால் என் மணிக்கட்டை இறுக்கப் பிடித்துக்கொண்டு, காலால் துழாவிக் கம்பு நட்டாள். தெற்குப் பக்கம் நான் சொன்ன இடத்தில் நட்ட கம்பை மட்டும் அவள் பிடுங்கி, காலால் ஏதோ பார்த்து, இன்னும் தள்ளி நட்டாள். பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. சீக்கிரம் கரை ஏறினால் போதும் என்று இருந்தது.

துறைக்கு உண்மையை எழுதிக் கொடுத்தேன். திறப்பு விழா தள்ளிப் போயிற்று. கோடையில் தண்ணீர் வற்றியதும் என் செலவில் பள்ளத்தை மூடுவதாக ஒப்புக்கொண்டேன். பெரிய தண்டனை ஒன்றும் வரவில்லை. அதற்குக் காரணம் அந்த அதிகாரிதான். "மேடம் மட்டும் அன்னிக்குச் சரியா வழி காட்டலன்னா ஒரு உயிர் போயிருக்கும்" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். முதலில் கூச்சமாக இருந்தது. கேட்கக் கேட்க, நானும் நம்ப ஆரம்பித்தேன். தப்பு செய்தேன், ஆனால் நெருக்கடியில் புத்தி வேலை செய்தது என்று ஒரு சமாதானம். மார்ச் மாதம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். "வரைபடம் தலைக்குள் இருக்க வேண்டும், ஆபத்தில் அதுதான் கை கொடுக்கும்" என்று பேசிக் கைதட்டலும் வாங்கிவிட்டு வந்தேன். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மே மாதம் பள்ளம் வெளியே வந்தது. எவ்வளவு மண் வேண்டும் என்று அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு நானும் ஏழுமலையும் போனோம். பாதையை ஒழுங்காக மூடுகிறார்களா என்று பார்க்கச் சம்பூரணமும் வந்திருந்தாள். விளிம்பில் போய் நின்று உள்ளே பார்த்தேன். ஏதோ வேறு பள்ளத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மேற்குப் பக்கம் சரிவே இல்லை. செங்குத்தாக இறங்கிய களிமண் சுவர், சீவிவிட்ட மாதிரி. சரிவு தெற்கு முனையில் இருந்தது.

"மேஸ்திரி, சரிவு எங்க?"

"தெற்கால கீது மேடம். மேக்கால ஒரே களி, வண்டி ஏறவே இல்ல, பேஜாராப் பூட்சு. அதான் ரெண்டாவது நாளே மாத்திக்கினேன். கல்லு வெடிச்சுதே, அதுக்கு மண்ணு பத்தல, இன்னும் கொஞ்சம் தோண்டிக்கினேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலியே மேடம்."

டேப்பைப் பள்ளத்துக்குள் இறக்கி அளந்தேன். நான் வரைந்தது ஐந்தடி. ஏறக்குறைய எட்டடி இருந்தது.

சம்பூரணம் என்னைப் பார்த்தாள், தூண்களைப் பார்த்தாள். பிறகு தெற்குச் சரிவு வழியாக உள்ளே இறங்கி, தரையோடு நடந்து, மூன்றாவது தூணுக்கு நேரே மேற்குச் சுவரை ஒட்டி நின்றாள். அன்று நான் தூணை அடித்துக் காட்டிக் கத்திய அதே இடம். அங்கே நின்று சுவரில் கையை வைத்து, மேலே எவ்வளவு எட்டுமோ அவ்வளவு நீட்டினாள். குதிகாலையும் உயர்த்தினாள். விரல் நுனிக்கு மேலே இன்னும் ஒரு முழச் சுவர் இருந்தது. அன்றைக்கு அதற்கும் மேலே இடுப்பளவுத் தண்ணீர் இருந்திருக்கிறது.

விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் விழுந்தபோது எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சிகூட இதற்குப் பக்கத்தில் வராது. அன்று விழ வைத்தது என் அறியாமை. இன்று தெரிந்தது, தப்பித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு அந்தச் சுவரில் முட்டவைக்கப் பார்த்திருக்கிறேன், அதுவும் எத்தனை நிச்சயமான குரலில். இரண்டு கையையும் ஆட்டி.

"அப்போ நீ எப்படி வெளிய வந்த?" என்று கேட்டேன்.

"கோரக்கட்ட நான் வுடல. காத்து தெற்கால தள்ளிக்கினு போச்சு, நானும் அது கூடவே காலை ஒதச்சிக்கினு போனேன். கொஞ்ச நேரத்துல தரை தட்டுச்சு."

"நான் கத்தினது கேக்கலியா?"

"கேட்டுச்சே. கைய ஆட்னது கூட தெரிஞ்சுது. ரெண்டு ஒதை அந்தப் பக்கம் ஒதச்சும் பாத்தேன். காலுக்கு ஒண்ணும் அகப்படல, கட்டு வேற கைய வுட்டுப் போறாப்புல இருந்துச்சு. போ, இது ஆவாதுன்னு கட்டு கூடவே பூட்டேன்."

இரண்டு உதை. என் பேச்சைக் கேட்டு இரண்டு உதை உதைத்திருக்கிறாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் கூட வேலை பார்த்தவர், "வரைபடத்தைத் திருத்திடலாமா?" என்று கேட்டார். வேண்டாம், சட்டம் போடுங்கள் என்றேன். தண்ணீர் பிடிக்கப் போகும்போது பாருங்கள், சரிவு மூன்றாவது தூணுக்கு நேரே அழகாக வரைந்திருக்கும். என் கையெழுத்தும் இருக்கும். நாம் வரைவது நாம் நினைத்தது மட்டும்தான். தரையில் இருப்பது வேறு. அதைப் போய்ப் பார்க்காமல் யாருக்கும் உரக்க வழி சொல்லாதீர்கள். சைட்டில் யாராவது "நீங்க கேக்கலியே" என்று சொல்லும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். ஏழுமலையின் மேல் நான் கோபப்படவில்லை. கோபப்பட எனக்கு முகம் இல்லை.

அன்று பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் சம்பூரணம் ஏறி வந்து நின்றாள். தெற்குக் கம்பை அவள் பிடுங்கி நட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

"நான் தப்பா வழி சொன்னேன்னு உனக்கு அன்னிக்கே தெரியும் இல்ல? ஏன் சொல்லல?"

அவள் முந்தானையால் கையில் ஒட்டியிருந்த களிமண்ணைத் துடைத்தாள்.

"நீ அய்துகினு இருந்த. அந்த ஆபீசரு வேற, மேடம்தான் காப்பாத்தினாங்க, மேடம்தான் காப்பாத்தினாங்கன்னு சொல்லிக்கினே கெடந்தாரு. சரி, அதுவாச்சும் உனக்கு இருக்கட்டும்னு வுட்டுட்டேன்." பிறகு கீழே கிடந்த டேப்பின் முனையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "ஏந்திரு. எவ்ளோ மண்ணு வோணும்னு இந்தத் தபா ஒழுங்கா அள."